கோட்டுப் பூவும் கோந்து ட்யூபும்

இரி மக்கா, இரி. நின்னுக்கிட்டே பேசினா படிச்சவன்னு தெரியும், ஆனா எனக்குக் காதுலே விழாது. பெங்களூருலே போயி பூ அலங்காரம் படிச்சுட்டு வந்திருக்கே. சந்தோசம். தோவாளையிலே நாங்க தலைமுறை தலைமுறையாப் படிச்சுக்கிட்டே இருக்கோம், இன்னும் ஒருத்தன் கையிலேயும் சர்டிபிகேட்டு வந்து சேரலே. அது கிடக்கட்டும். கையிலே என்னது, ட்யூபா? பூவுக்குன்னே தனியா ஒரு பசையா? கொள்ளாம். பூவுக்கு நார் இருக்கு, ஊசி இருக்கு, நூல் இருக்கு. கோந்து ஒண்ணுதான் குறையா இருந்தது. அந்தக் குறையும் தீந்துட்டு.

நாகர்கோவில் சர்ச்சுலே கலியாணம். மாப்பிள்ளைக்குக் கோட்டுப் பூ, தோழன்மாருக்குக் கோட்டுப் பூ, ரெண்டு பக்கத்து அப்பன்மாருக்கும் கோட்டுப் பூ, பொண்ணுக்குக் கூட நிக்க பிள்ளைகளுக்கு மணிக்கட்டுலே கட்டுத கைப்பூ. எல்லாத்தையும் பசையாலேயே முடிச்சிருவேன், கம்பி வேண்டாம், டேப்பு வேண்டாம், நார் வேண்டவே வேண்டாம்னு சொல்லுதே. நல்ல காரியம். நார் வேண்டாம்னா நானும் வேண்டாம். அப்புறம் எதுக்குடே வெள்ளன நாலு மணிக்கு என் நடையிலே வந்து நிக்கே?

முகத்தைத் தூக்காதே. பசைக்கு நான் எதிரி இல்லே. நீ போனைப் பாத்து வாசிச்சதை எல்லாம் நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ரப்பர்ச் சரக்கைக் கரைப்பான்லே கரைச்சு வச்சிருக்கான். சூடு பண்ண வேண்டாம். இதழைக் கருக்காது. காய்ஞ்சுட்டா தண்ணி பட்டாலும் விடாது, ஃபிரிட்ஜுலே வச்சாலும் உதிராது. இம்புட்டு குணம் நம்ம சொந்தத்துலே ஒருத்தன்கிட்டே கிடையாது. பசையிலே குத்தமே இல்லே மக்கா. அதைப் பிடிச்சிருக்க கையைப் பாத்தாத்தான் எனக்குப் பயம் வருது.

இந்தப் பசை வாரதுக்கு முன்னாலே வெள்ளைக்காரன் ஊருலே என்ன செஞ்சான்னு உனக்குப் பாடத்துலே சொல்லியிருப்பாங்க. பூவோட காம்பை நறுக்கி எறிஞ்சுட்டு, தலைக்குள்ளே மெல்லிசுக் கம்பியைக் குத்தி மடக்கி, அதுமேலே மெழுகு டேப்பைச் சுத்துவான். அந்த டேப்பை இழுத்துக்கிட்டே சுத்தணும். இழுத்தாத்தான் ஒட்டும், இழுக்காம சுத்தினவனுக்கு அப்படியே பிரிஞ்சு வரும். ஒரு ஐவி இலைக்குக்கூட முதுகுலே ஒரு தையல் போட்டு, கம்பியை ரெண்டு காலா இறக்கித்தான் விடுவான். நல்ல வேலைதான். ஆனா கனக்கும். மூணு பூ, அஞ்சு இலை, எட்டுக் கம்பின்னு சேந்தா கோட்டுக் கழுத்து முன்னாலே தொங்கும். போட்டோவிலே மாப்பிள்ளை ஒரு பக்கமாச் சாஞ்சு நிப்பான். பசையிலே அந்தக் கனம் இல்லே. ஒரு ஆர்க்கிட் பூ, அதுக்கு அடியிலே ஒரு இலை, பக்கத்துலே நாலு பழமணி, அம்புடுதான். அதுக்குப் பசையை விட்டா வேற வழி கிடையாது, ஒத்துக்கிடுதேன். ஒத்துக்கிட்டேன்னு வெளியே போயிச் சொல்லாதே.

இப்போ வாசி, ட்யூபுலே என்ன எழுதியிருக்கு? ஒட்டுத இடம் காய்ஞ்சு இருக்கணும்னு எழுதியிருக்கு இல்லியா? அங்கதான் உனக்கும் எனக்கும் வழக்கு. எங்க தொழில் முழுக்க ஈரம். நாரை நனைக்கணும், சாக்கை நனைக்கணும், கட்டின சரத்துமேலே தண்ணி தெளிக்கணும், வாழையிலையிலே சுத்தும்போது இலையும் நனைஞ்சிருக்கணும். காய்ஞ்ச நார் கையிலே எடுத்ததும் முறியும். உன் பசைக்கோ ஈரத்தைக் கண்டா ஆகாது. பூவோட அடியிலே ஒரு பொட்டுத் தண்ணி நின்னாப் போதும், பிடிக்காது. சரி, ஈரமே வேண்டாம்னு பூவைத் தண்ணி காட்டாம வச்சிருந்து ஒட்டு. ஒட்டும். அருமையா ஒட்டும். பதினோரு மணிக்கு சர்ச்சு ஐயர் முன்னாலே மாப்பிள்ளை ‘சம்மதம்’னு சொல்லுத நேரம் பாத்து பூ தலையைத் தொங்கப்போடும். பாக்கவன் என்ன நினைப்பான்? பையனுக்கு இஷ்டமில்லாத கலியாணம்னு நினைப்பான்.

காம்பை நறுக்கிப் பசை வச்சுட்டா, அந்தப் பூவுக்கு அதுக்கப்புறம் குடிக்க வழியில்லே. முந்தின ராத்திரி குடிச்சதுதான் கடைசி. அதனாலே முந்தின ராத்திரி குடிக்கவன் பூவா இருக்கணும், மாப்பிள்ளைத் தோழனா இருக்கப்படாது. வாளியை நல்லாக் கழுவு. நேத்துப் பெயிண்டு கலக்கின வாளி ஆகாது. காம்பைச் சாய்ச்சு நறுக்கு, தண்ணிக்குள்ளே முங்குத இலையை எல்லாம் உருவி எறி, இல்லேன்னா அழுகித் தண்ணியைக் கெடுக்கும். வெயிலும் ஃபேனும் படாத மூலையிலே ராத்திரி பூரா நிறுத்தி வை. காலையிலே எடுத்து உதறி, பழைய வேட்டித் துணியாலே பின்பக்கத்தைப் பைய ஒத்தி எடு. உள்ளே நிறைய ஈரம், வெளியே துளி ஈரம் இல்லே. பூவை அந்த நிலைமைக்குக் கொண்டுவந்துட்டா உன் வேலையிலே முக்கால்வாசி முடிஞ்சது. ட்யூபைத் திறக்கதுக்கு முன்னாலேயே முடிஞ்சது.

இதை உனக்குப் படிப்புலே சொல்லலியா? சொல்லியிருப்பாங்க. நீ அன்னைக்குப் போன் பாத்துக்கிட்டு இருந்திருப்பே.

அடுத்தது, எந்தப் பூ. நம்ம ஊர்ப் பூவாச்சேன்னு பிச்சியையும் மல்லியையும் எடுத்து ஒட்டப் போகாதே. விரல் பட்டாலே பழுப்பு ஏறுத சாதி அது. அதுக்கு மேலே உன் கரைப்பான் வாசம் வேற. மல்லி வாசமும் பெட்ரோல் பங்க் வாசமும் கலந்து ஒருத்தன் சர்ச்சுக்குள்ளே போனா, மணவாட்டி ஒரு அடி தள்ளித்தான் நிப்பா. பிச்சி சாயங்காலம் விரியுத பூ, அதைக் காலைக் கலியாணத்துக்கு மொட்டா ஒட்டினா ரிசப்ஷன் நேரத்துலே அது வாயைத் திறந்து உன் பசையை ஊருக்குக் காட்டும். கோட்டுப் பூவுக்குத் தோல் கெட்டியா இருக்கணும். ஆர்க்கிட் தாங்கும். நீலகிரியிலேருந்து வருத கார்னேஷன் தாங்கும். குட்டி ரோஜா தாங்கும், பட்டன் சாமந்தி தாங்கும். ஓசூர் ரோஜா எடுத்தேன்னா, கண்ணாலே பாத்து எடுக்காதே, பூவுக்கு அடியிலே இடுப்பைப் பிடிச்சுப் பாரு. கெட்டியா இருந்தா புதுசு. அமுங்கினா, வியாபாரி உன் பெங்களூர்ச் சட்டையைப் பாத்துட்டுப் பழசைத் தள்ளிவிட்டுட்டான்னு அர்த்தம். எந்தச் சந்தையிலேயும் அவனுக வெளியே ரெண்டு இதழை உரிச்சுட்டுப் பழசைப் புதுசாக்கிடுவானுக. இடுப்பை மட்டும் உரிக்க முடியாது.

இப்போ ட்யூபைத் திற. ஐயோ, அம்புட்டையும் பிதுக்காதடே! சொந்தக் காசுலே வாங்கியிருந்தா இப்படிப் பிதுக்குவியா?

பசை வைக்கது வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவுதாப்பலே. கொஞ்சமா வச்சா சிவக்கும், கூடினா வாய் வெந்துபோகும். மிளகு அளவு எடுத்து இலையிலே ஒரு தடவு, பூவோட அடியிலே ஒரு தடவு. ரெண்டு பக்கமும் வைக்கணும். ஒரு பக்கம் மட்டும் வச்சு அமுக்குதது உங்க தலைமுறைக்கே உள்ள வியாதி. வச்ச உடனே சேத்து அமுக்காதே. வழுக்கிக்கிட்டுப் போகும், போகுத வழியெல்லாம் இதழ்லே கோடு போடும். ரெண்டையும் கையிலே வச்சுக்கிட்டு சும்மா இரி. கரைப்பான் பறக்கணும். வெத்தலையை மடிச்சு வாயிலே போடுத நேரம் போதும். மினுமினுப்பு மங்கி, விரலாலே லேசாத் தொட்டா பிடிச்சு இழுக்கும். அப்போ சேத்து ஒரே அமுக்கு. அதுக்கப்புறம் அசைக்கப்படாது, ‘நேரா இருக்கா’ன்னு திருப்பிப் பாக்கப்படாது. இந்தச் சும்மா இருக்க நேரம் இருக்கே, அதுதான் உன்னாலே முடியாதது. அந்த நேரத்துலேயும் போனை எடுப்பே. பசைக் கையோட எடுப்பே. அப்புறம் அந்தப் போனுக்கு நீ உறை வாங்க வேண்டாம், தானே ஒட்டிக்கிடும்.

விரல்லே பட்டதைத் துடைக்காதே, காயவிட்டு உருட்டு, திரிதிரியா வந்துரும். மிச்சத்துக்குத் தேங்காயெண்ணெய். சன்னலைத் திறந்து வச்சுக்கோ, அந்த வாசம் நெஞ்சுக்கு நல்லதில்லே. நமக்கு ஆரல்வாய்மொழிக் காத்து இருக்கு, கவலையில்லே. ஆனா காத்தோட உன் சின்னத் தாத்தாவும் பீடியைப் பத்தவச்சுக்கிட்டு ‘என்னடே பண்ணுதே’ன்னு எட்டிப் பாப்பான். பத்துத சரக்கு அது. அவனைக் கிட்டே விடாதே. அவன் மீசை போனா பரவாயில்லே, எட்டுக் கோட்டுப் பூ போயிரும்.

சூட்டுப் பசைத் துப்பாக்கி இருக்கேன்னு நீ நேத்து ஒரு வார்த்தை சொன்னே. அது ரிப்பனுக்கு, அட்டைக்கு. பூ இதழ்லே வச்சா வெந்துபோகும், காலையிலே தெரியாது, சாயங்காலம் விளிம்பு பழுப்பா எட்டிப் பாக்கும். இன்னொரு புத்திசாலி சூப்பர் கோந்து வாங்கிட்டு வருவான். ஈரம் பட்ட உடனே இறுகுத சாதி அது. பூவும் ஈரம், விரலும் ஈரம். கட்டைவிரல்லே ஒரு ரோஜாவை ஒட்டிக்கிட்டு அவன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். வெள்ளைக் கோந்து மரத்துக்கு உள்ளது, அது காயுததுக்குள்ளே அந்தத் தம்பதிக்குப் பிள்ளை பிறந்திரும்.

ஒட்டு வேலையிலே ரொம்ப நேர்த்தியானது ஒண்ணு இருக்கு, அதை நீ சர்டிபிகேட்டுக்காகவாவது கத்துக்கணும். ரோஜாவை எடு. இதழும் பச்சைத் தொப்பியும் சேருத இடத்துலே, வெளிச்சுத்து இதழுக்கு அடியிலே, குச்சி முனையாலே ஒரு பொட்டு வை. அதுக்கு மேலே ஒரு பொட்டு கூடாது. அந்த இதழ் அன்னைக்குப் பூரா உதிராது. சாமந்திக்கும் அப்படித்தான், பின்பக்கம் இதழ் கூடுத இடத்துலே ஒரு சுத்து. கார்னேஷனுக்குத் தொப்பி வெடிச்சிருந்தா வெடிப்புலே ஒரு தடவு தடவிப் பிடி. முன்னாலே நின்னு பாக்கவனுக்குப் பசை இருக்குன்னே தெரியப்படாது. முன்பக்கம் பசை தெரிஞ்சா அது பூ வேலை இல்லே, பஞ்சர் ஒட்டுத வேலை.

சரி, பூவைச் செஞ்சாச்சு. கோட்டைப் பாத்தியா? பாக்கலே. எவனும் பாக்குததில்லே. நல்ல தையல்காரன் தச்ச கோட்டுலே இடது கழுத்து மடிப்புலே நிசமான துளை இருக்கும், அதுக்குப் பின்னாலே காம்பைப் பிடிச்சுக்கிட ஒரு நூல் வளையம்கூட இருக்கும். காம்பைத் துளையிலே விட்டு வளையத்துலே இறக்கினா ஊசியே வேண்டாம். நம்ம மாப்பிள்ளைமார் போடுதது வாடகைக் கோட்டு. அதுலே துளை இருக்கும், ஆனா திறக்காது, சும்மா நூலாலே வரைஞ்சு வச்சிருப்பான். அதுக்குப் பக்கத்துலே பாரு, போன முகூர்த்தத்து மாப்பிள்ளை, அதுக்கு முந்தின முகூர்த்தத்து மாப்பிள்ளைன்னு எல்லாரும் குத்தின ஊசித்துளை வரிசையா இருக்கும். ஒரு பரம்பரையே அதுலே நிக்கும். நீயும் அதே இடத்துலே குத்து, புதுசா ஓட்டை போட்டா கடைக்காரன் முன்பணத்தைத் தரமாட்டான். பசையைக் கொண்டுபோயி கோட்டுலேயே நேரா ஒட்டிரலாமேன்னு உனக்கு ஒரு யோசனை வரும். வந்திருக்கு, மூஞ்சியிலே தெரியுது. துணியிலே ஏறினா அது போகவே போகாது. கோட்டையே விலைக்கு வாங்கணும். கலியாணத்துக்கு அப்புறம் அந்தக் கோட்டை உங்கப்பனுக்குப் போட்டுவிடு.

பின்னாலே இருந்து குத்தணும், கேட்டியா. கோட்டு மடிப்பைத் திருப்பி, பின்பக்கத்துலேருந்து முத்து ஊசியைச் சாய்ச்சு விட்டு, காம்புக் கட்டைப் பிடிச்சு, மறுபடியும் துணிக்குள்ளேயே முனையை மறைச்சுரணும். முனை வெளியே நின்னா, கட்டிப்பிடிக்க வார முதல் அத்தை ‘ஆத்தே’ன்னு அலறுவா. பூ மேலே, காம்பு கீழே. தலைகீழாக் குத்திக்கிட்டு நிக்க மாப்பிள்ளையையும் நான் பாத்திருக்கேன், போட்டோக்காரன்கூட அதைச் சொல்லலே. எந்தத் தோழன் கையிலேயும் ஊசியைக் குடுக்காதே. சேலைக்குப் பின்னு குத்திப் பழகின பொம்பளை ஒருத்தியை சர்ச் வாசல்லே நிப்பாட்டு, அஞ்சு நிமிசத்துலே எல்லாக் கோட்டையும் முடிச்சுருவா. மாப்பிள்ளைக்கு மட்டும் ரெண்டு பூ செஞ்சு வை. முந்நூறு பேரு நெஞ்சோட அணைக்கப்போறாங்க. அந்த அணைப்புக்கு அமெரிக்கப் பசையும் ஈடு குடுக்காது.

அமெரிக்கான்னதும் ஒரு சங்கதி ஞாபகம் வருது. உன் ட்யூபு ஓயாசிஸ் கம்பெனி இல்லியா? ஒஹாயோ மாநிலத்துக்காரன். ஸ்மிதர்ஸுன்னு ஒருத்தர் 1954-லே பூக்குத்துத பச்சைக் கட்டியைக் கண்டுபிடிச்சு ஆரம்பிச்ச கம்பெனி. அந்தக் கட்டி மக்காதுன்னு லண்டன்லே செல்சி பூக்காட்சி நடத்துதவங்க 2021-லேருந்து உள்ளே விடுததில்லே. அது வேற கதை. அதே ஒஹாயோவிலே பிறந்தவர் மெக்கின்லின்னு ஒரு ஜனாதிபதி. கோட்டுலே சிவப்புக் கார்னேஷன் வைக்கது அவருக்கு ராசி. 1901 செப்டம்பர் 6-ந் தேதி பஃபலோவிலே ஒரு பொருட்காட்சி, வரிசையா வாரவங்களுக்குக் கை குடுத்துக்கிட்டு இருந்தார். ஒரு சின்னப் பிள்ளை வந்தா, கோட்டுப் பூவைக் கழத்தி அவ கையிலே குடுத்தாராம், அப்படித்தான் அந்த ஊருலே சொல்லுதாங்க. செத்த நேரத்துலே ஒருத்தன் துப்பாக்கியாலே சுட்டுட்டான். எட்டு நாள்லே மனுசன் போயிட்டார். 1904-லே ஒஹாயோவுக்குச் சிவப்புக் கார்னேஷனே மாநிலப் பூ ஆச்சு. ராசிப் பூ லேசாக் கழண்டு வந்ததாலே வந்த வினைன்னு நினைச்சுத்தான் அந்த ஊருக்காரன் பிடிச்சா விடாத பசையைக் கண்டுபிடிச்சானோ என்னவோ. நான் சொல்லுதேன், உங்க வாத்தியார்கிட்டே கேட்டு உறுதி பண்ணிக்கிடாதே. அவரு சிரிப்பார்.

நம்ம நேரு ரோஜா வச்சாரே, அதுக்கு எந்தப் பசை? பொத்தான் துளையிலே காம்போட ஒரு பூ. அவ்வளவு பெரிய நாட்டை நடத்தினவருக்கு ஒத்தைப் பூ போதுமா இருந்தது. உன் மாப்பிள்ளை செல்போன் கடை வச்சிருக்கான், அவனுக்கு ரோஜாவும் ஆர்க்கிட்டும் ஜிப்சிப் பூவும் முத்து ரிப்பனும் வேணுமாக்கும். கோட்டுப் பூங்கது ஒரு பூ, ரெண்டு மூணு இலை, கூட ஒரு துணுக்கு. அதுக்கு மேலே போனா கோட்டுலே அய்யனாருக்கு மாலை சாத்தின கணக்கா ஆயிரும். ஆஸ்கார் வைல்டுன்னு ஒரு எழுத்தாளர் 1892-லே தன் நாடகத்தின் முதல் ராத்திரிக்கு கூட்டாளிமாரைப் பச்சைக் கார்னேஷன் குத்திக்கிட்டு வரச்சொல்லி லண்டனையே பேசவச்சார். ஆளுக்கு ஒத்தைப் பூதான். அதுக்குப் பச்சை, காம்பைச் சாயத்தண்ணியிலே நிறுத்தி ஏத்தினது. நம்ம ஆளுக சம்பங்கிக்கு நீலச் சாயம் ஏத்தி விக்கானுகளே, அவனுகளை எந்த லண்டன் பேசுச்சு?

கைப்பூவுக்கு வா. உன் புஸ்தகத்துலே பொம்பளையாளுக்குத் தோள்லே குத்துதான்னு போட்டிருக்கு. அவங்க போடுதது கோட்டும் கம்பளித் துணியும். நம்ம மாமியார்மார் கட்டுதது பட்டு. பட்டுலே கனமாக் குத்தினா இழை விட்டுரும், அப்புறம் அவ உன்னை விடமாட்டா. அதனாலே மணிக்கட்டுதான் சரி. அங்கதான் பசைக்கு மரியாதை. எலாஸ்டிக் வளையலை எடு, அதுமேலே ரிப்பனோ கெட்டித் துணித்துண்டோ வச்சு அடி கட்டு, அதுக்குச் சூட்டுப் பசை வைக்கலாம், யாரும் கேக்கமாட்டான். முதல்லே இலையை ஒட்டு, இலைமேலே பெரிய பூ, சந்துலே சின்னது. கையை மடக்கினா இடிக்காத உயரம்தான் வைக்கணும். பந்தியிலே ரசம் ஊத்தும்போது கைப்பூ ரசத்துலே முங்கினா, கைப்பூ மேலே குத்தமில்லே, உன் மேலேதான் குத்தம். பட்டுலே ஊசியும் வேண்டாம், வளையலும் வேண்டாம்னு காந்தம் வச்சு ஒட்டுத வித்தையும் இருக்கு. கோட்டுக்கும் வைக்கான். அதைக் கொண்டுபோயி மாப்பிள்ளையோட தாத்தா நெஞ்சுலே ஒட்டிராதே. அவருக்கு உள்ளே பேஸ்மேக்கர் ஓடுது. காந்தம் அதுக்குக் கிட்டே போகப்படாது. சொத்து இன்னும் பிரிக்கலே.

அப்புறம் அந்தப் பிள்ளைகள்கிட்டே ஒரு வார்த்தை கேளு. தலையிலே பிச்சி, கழுத்துலே சங்கிலி, கையிலே வளையல், அதுக்கு மேலே கைப்பூ வேணுமான்னு. வேணும்னுதான் சொல்லும். போட்டோவிலே கையை முன்னாலே நீட்ட ஒரு காரணம் வேணும் இல்லியா.

செஞ்ச பூவை எங்க வைக்கப்போறே? உங்க வீட்டு ஃபிரிட்ஜுலேயா? திறந்து பாத்தியா அதை? மே மாசம், உங்க ஆச்சி அதுலே மாம்பழமும் மட்டிப்பழமும் அடுக்கி வச்சிருப்பா. பழுக்குத பழம் ஒரு வாயுவை விடும், எத்திலீன்னு படிச்சிருப்பே. கார்னேஷனுக்கு அது விசம். காலையிலே திறந்தா கண்ணை மூடித் தூங்கிக்கிட்டு இருக்கும், எந்தத் தண்ணியிலே போட்டாலும் முழிக்காது. பழத்தை வெளியே எடு, இல்லே பூவை வேற வீட்டுலே வை. ஆச்சிகிட்டே மாம்பழத்தை வெளியே எடுக்கச் சொல்லுத தைரியம் உனக்கு இருந்தா முதல் வழி. டப்பாவிலே போட்டு மூடி வை, காத்து நேரா அடிக்கப்படாது. ஆர்க்கிட்டை ரொம்பக் குளிருக்குள்ளே தள்ளாதே, அது வெப்ப ஊர்ப் பிறவி, கறுத்துப்போகும். சர்ச்சுக்குக் கொண்டுபோகும்போது காரிலே வச்சுப் பூட்டிட்டு டீ குடிக்கப் போயிராதே. மே மாசக் காருக்குள்ளே பூ வேகுததுக்கு அரை மணிக்கூர் வேண்டாம்.

இம்புட்டும் சொன்னப்புறம் நீ கேப்பே, நாரும் கையுமா இருக்க பாட்டா இதை எப்படிச் செய்வார்னு. மாணிக்கமாலைன்னு நம்ம ஊருலே ஒண்ணு கட்டுதாங்களே, 2025-லே புவிசார் குறியீடுகூடக் கிடைச்சுது. சிவப்பும் வெள்ளையுமா அரளி, நடுவிலே பச்சைக்கு நொச்சி இலை. ஒவ்வொண்ணா மடிச்சு, நாரிலே பதிச்சு, பட்டையா நிக்க வைக்கது. கல்லுப் பதிச்ச நகைன்னு தூரத்துலே நின்னவன் சத்தியம் பண்ணுவான். அதுலே ஒரு பொட்டுக் கோந்து கிடையாது. மடிப்பு பிடிச்சுக்கிடுது. அந்த மாலையை ஒருத்தன் வாங்க வந்தா, நார் விலை கேக்கான், அரளி விலை கேக்கான், ‘ஒரு அம்பது ரூபா குறைங்க’ன்னு மூக்கைச் சிந்துதான். அதே ஆளு உங்கிட்டே வந்து ஒரு ரோஜாவையும் ரெண்டு இலையையும் பசைபோட்டு ஒட்டினதைப் பாத்து, அதுக்கு நீ வாயிலே நுழையாத ஒரு பிரெஞ்சுப் பேரைச் சொன்ன உடனே, பேசாம எண்ணிக் குடுத்துட்டு ‘ஜிபே பண்ணட்டுமா’ன்னு பணிஞ்சு நிக்கான். பசையோட வித்தை அதுதான் மக்கா. பூவை ஒட்டுதோ இல்லியோ, விலையை நல்லா ஒட்டுது. அதை நான் குறை சொல்லலே. நல்லா வாங்கு. முழத்துக்கு முழம் பேரம் பேசிப் பேசி எங்க தொண்டை வத்தின பாக்கியை நீயாவது வசூல் பண்ணு.

ஆனா ஒரு கணக்கு இருக்கு. நீ கொண்டுவந்திருக்க ரோஜாவுக்கும் கார்னேஷனுக்கும் காம்பு இருக்கு. ஒட்டுத வேலை மேலேதான், இலையும் துணுக்கும். கீழே காம்பு எல்லாம் சேருத இடத்துலே பசை நிக்காது. குத்தும்போது அந்த இடத்துலேதான் திருகும், திருகினா ஒட்டினது எல்லாம் பிளந்துக்கிட்டு வரும். அங்கே உன் டேப்பைச் சுத்தலாம். இல்லேன்னா நனைஞ்ச வாழைநார் ஒரு இழை, மூணு சுத்து, ஒரு முடிச்சு, அதுக்கு மேலே உன் சாட்டின் ரிப்பன். ரிப்பனுக்குள்ளே என்ன இருக்குன்னு எந்த மாப்பிள்ளை பிரிச்சுப் பாக்கப்போறான்? நார் மெல்லிசு, கனம் கிடையாது, ஊசியும் அதுலே நல்லாப் பிடிக்கும். மாப்பிள்ளைகிட்டே இங்கிலீஷ்லே ‘நேச்சுரல் ஃபைபர்’னு சொல்லு, அதுக்கும் தனியா ஒரு நூறு ரூபா கூட்டிக்கிடலாம்.

மேலே நீ ஒட்டு, கீழே நான் கட்டுதேன். வாங்குததுலே பாதி எனக்கு. முறைக்காதே, பெங்களூர்ப் படிப்புக்கு உங்கப்பன் குடுத்த ரூபாயிலே நான் கிரேந்திப் பூ வித்த காசும் உண்டு. சரி, மூணுலே ஒரு பங்கு. அதுக்குக் கீழே இறங்கமாட்டேன். போயி அந்த வாளியைக் கழுவு, கார்னேஷன் தண்ணி குடிக்கட்டும். ட்யூபு மூடியைத் திருகி வச்சுட்டுப் போ, உன் சின்னத் தாத்தா வேலி ஓரமா பீடியோட வாரான்.